வச்சுக்குங்க சார்

புதிதாக வாங்கிய சாஃப்ட்வேர் ஏன் இன்னும் ஓடவில்லை என்று எந்தக் கம்பெனியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “லீகல்ல இருக்கு.” கேட்டவர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

லீகல் என்றால் ஏதோ பெரிய டிபார்ட்மென்ட் என்று வெண்டர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எங்களைப் போன்ற நடுத்தரக் கம்பெனிகளில் அது ஒரே ஓர் ஆள். “எங்கள் சட்டக் குழு பரிசீலித்து வருகிறது” என்று நான் மெயில் அடிக்கும்போதெல்லாம் அந்தக் குழு எனக்கு எதிரே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, வெண்டர் அனுப்பிய அக்ரிமென்ட்டைத் திறக்கும். கறுப்பாக வந்த ஃபைல் சாயங்காலத்துக்குள் சிவப்பாகிவிடும். டிராக் சேஞ்சஸ் என்ற வசதியை வேர்டில் வைத்தவர் யாரோ, அவருக்கு இந்த மனிதர்களின் பாவமெல்லாம் போய்ச் சேரட்டும்.

உங்கள் ஆபீஸிலும் இவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்ற மெயிலுக்குக்கூட ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தலைப்பிட்டுப் பதில் போடுவார். லிஃப்டில் ஏறினால் எத்தனை பேருக்கு லைசென்ஸ் என்று பலகையில் பார்ப்பார். அதெல்லாம் போகட்டும். என் பிரச்சினை அவருடைய ஒரே ஒரு வாக்கியத்தோடுதான்.

“ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க சார்…”

இப்படி அவர் ஆரம்பித்தால் பின்னாலே நல்ல சேதி வந்ததாகச் சரித்திரமே இல்லை. ‘வச்சுக்குங்க, லாபம் ரெண்டு மடங்காகுது’ என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. யாராவது திவாலாவார்கள். எங்காவது தீப்பிடிக்கும். பாஸ்வேர்டு தெரிந்த ஒரே பையன் வேலையை விட்டுவிட்டு ரிஷிகேஷ் போய்விடுவான். விற்க வந்த பையன் பாவம், நீல நிற ஸ்லைடுகளும் மேகப் படமுமாக ‘நம்ம உறவு ரொம்ப காலத்துக்கு’ என்று ஆரம்பித்திருப்பான். இவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்கு வந்த இடத்தில் ஜீவனாம்சம் எவ்வளவு என்று கேட்கிற பெரியப்பா மாதிரி, “அதெல்லாம் சரி, பிரியறப்போ டேட்டாவை எந்த ஃபார்மட்ல தருவீங்க?” என்பார்.

எங்கள் கம்பெனி தண்ணீர் மோட்டார் தயாரிக்கிறது. சர்வர்களை எல்லாம் கிளவுடுக்கு மாற்றலாம் என்று மேலிடம் முடிவு செய்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் இவர் எஸ்.எல்.ஏ. என்கிற சேவை உத்தரவாதப் பத்திரத்தைப் படித்துவிட்டார்.

“மாசத்துக்கு 99.99 சதவீதம் ஓடும்னு போட்டிருக்கான். அப்படின்னா முப்பது நாள் மாசத்துல நாலேகால் நிமிஷம் சொச்சம் நிக்கலாம்.”

“நாலு நிமிஷம்தானே சார்?”

“ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க, அந்த நாலு நிமிஷம் மார்ச் 31 ராத்திரி பதினொன்னு அம்பத்தஞ்சுக்கு வருது?”

அக்கவுன்ட்ஸ் மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இவரோ நிதானமாக அடுத்த வரிக்குப் போனார். அமேசான் தன் இ.சி.2 சர்வர்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதியில், மாதக் கணக்கு 99.99க்குக் கீழே இறங்கி 99க்குக் குறையாமல் இருந்தால் 10 சதவீதம் வரவு வைப்பார்கள். 99 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. மாதத்துக்கு ஏழு மணி 12 நிமிடம் சர்வர் படுத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள். பத்து சதவீதத்தையும் கையில் தரமாட்டார்கள். வரப்போகிற பில்லில் கழிப்பார்கள். நாம் கெடுவுக்குள் விண்ணப்பித்தால்தான் அதுவும். அந்த ஏழு மணி நேரத்தில் போன ஆர்டர்? அது மறைமுக நஷ்டம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமே 73ஆம் பிரிவில் தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இழப்பீடு இல்லை என்றுதான் சொல்கிறது. கிளவுட்காரர்கள் அதையும் இறுக்கி, லாப இழப்பு, டேட்டா இழப்பு எதற்கும் பொறுப்பில்லை, அப்படியே பொறுப்பு வந்தாலும் கடைசி 12 மாதத்தில் நீ கட்டிய தொகைக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று பூட்டிவிடுகிறார்கள். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல், தன் சமையலைப் பரிமாறுகிறவர் போன்ற முகத்தோடு விளக்கினார்.

இந்த மனிதரோடு வாதாட முடியாததற்குக் காரணம், அவர் ‘வச்சுக்குங்க’ என்று சொன்னதெல்லாம் உலகத்தில் எங்காவது நடந்து தொலைத்திருக்கிறது. அதற்கென்றே ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார். டேட்டா சென்டர் எரியுமா என்று சிரித்தோம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓ.வி.எச். டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுதாகப் போனது. பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு அசலும் நகலும் சேர்ந்து போயின. கிளவுட் கம்பெனியே தவறுதலாக நம் கணக்கை அழித்துவிட்டால் என்று கேட்டபோது, “கூகுள்காரன் அவ்வளவு மடையனா சார்?” என்றேன். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியின் கிளவுட் கணக்கு, கூகுள் பக்கத்து அமைப்புத் தவறால் அழிந்தே போயிற்று. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு கம்பெனியிடம் தனியாக ஒரு பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. அந்தச் செய்தி வந்த அன்று இவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். பேரனுக்குப் பிறந்தநாள் என்றார். நான் நம்பவில்லை.

பிறகு ஏ.ஐ. வந்தது. அதுவரை மாதத்துக்கு நாலைந்து விபத்து கற்பனை செய்துகொண்டிருந்தவருக்கு அள்ள அள்ளக் குறையாத சுரங்கம் கிடைத்தது.

எங்கள் திட்டம் சின்னது. விவசாயி ராத்திரியில் வாட்ஸ்அப்பில் ‘மோட்டார் ஓடுது, தண்ணி வரல’ என்று தமிழில் கேட்டால், ஃபுட் வால்வைப் பாருங்கள், ஏர் பிடித்திருக்கும் என்று பதில் சொல்ல ஒரு பாட். அந்த அக்ரிமென்ட்டின் ஒரு பத்தியை மட்டும் காட்டுகிறேன். ‘பதில்களின் துல்லியத்துக்கு வழங்குநர் உத்தரவாதம் தரவில்லை’ என்று ஒரே வரி இருந்தது. அதன் ஓரத்தில் இவர் போட்ட பலூன் பக்கத்தின் அடிவரை இறங்கி அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது:

“வச்சுக்குங்க, ராத்திரி 2 மணிக்கு ஒரு விவசாயி, ‘மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, வாரண்டி உண்டா’ன்னு கேக்கறார். பாட், ‘கவலைப்படாதீங்க, எங்கள் மோட்டாருக்கு ஆயுள் முழுக்க வாரண்டி’ங்குது. அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கறார். அவர் மச்சான் வக்கீல்னு வச்சுக்குங்க…”

மச்சான் எதற்கு வந்தான் என்று கேட்டேன். “எல்லா ஊர்லயும் ஒரு மச்சான் வக்கீலா இருக்கான் சார்” என்றார். உடனே ஃபோல்டரைத் திறந்தார். ஏர் கனடாவின் பாட், துக்க காரியத்துக்குப் போகிறவருக்குச் சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பித்து வாங்கலாம் என்று இல்லாத விதியைச் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஏர் கனடாவே பணம் தரவேண்டும் என்றது. விமானக் கம்பெனி அங்கே வைத்த வாதங்களில் ஒன்று, பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்பது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இதைச் சொல்லும்போது இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “தனி ஆளாம் சார். பாட்டுக்கு பான் கார்டு கேட்டிருக்கணும்.”

அடுத்த பலூன்: நம் டீலர் விலைப்பட்டியலை இந்த மாடல் படிக்கிறது; நாளைக்குப் போட்டிக் கம்பெனிக்காரன் அதே மாடலிடம் கேட்டால் உளறிவிடாதா? உங்கள் டேட்டாவை வைத்துப் பயிற்சி கொடுக்க மாட்டோம் என்று வெண்டர் சொன்னதும், “சொன்னா போதாது. எந்த கிளாஸ்ல?” என்றார். அதற்கும் அடுத்தது: இந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்று வச்சுக்குங்க? இதைவிட நல்ல மாடல் வரும் சார் என்றான் வெண்டர் பக்கத்துப் பையன். “நாங்க டெஸ்ட் பண்ணி ஓ.கே. சொன்னது பழசை. புதுசு நல்லவனா கெட்டவனான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” பையனிடம் பதில் இல்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, ஒரு ஷரத்தைப் பற்றிச் சொன்னார். காதல் விவகாரம் சொல்கிறவர் குரல். அமேசானின் சேவை விதிகளில் 2016இல் 57.10 என்ற எண்ணோடு அது சேர்ந்தது. வீடியோ கேம் செய்கிற லம்பர்யார்டு என்ற மென்பொருளைப் பற்றியது. ஆஸ்பத்திரிக் கருவி, விமானம், அணுசக்தி நிலையம் மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று முதலில் தடை. பிறகு ஒரு விலக்கு. கடித்தால் பரவுகிற வைரஸ் ஒன்று வந்து, பிணங்கள் எழுந்து, உயிரோடிருப்பவர்களின் சதைக்கு அலைந்து, நாகரிகமே விழுந்துவிடும் என்கிற நிலைமையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சான்றளித்துவிட்டால், அந்தத் தடை செல்லாது.

விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒண்ணைக் கவனிச்சீங்களா? ‘நோய்க் கட்டுப்பாட்டு மையம் அல்லது அதன் வாரிசு அமைப்பு’ன்னு போட்டிருக்கான். உலகமே அழிஞ்ச பிறகு அந்த ஆபீஸ் இருக்குமோ இருக்காதோ, சர்டிஃபிகேட் யார் தருவான்னு யோசிச்சிருக்கான் பாருங்க சார். அவன் டிராஃப்ட்ஸ்மேன்!” சியாட்டில் பக்கம் தன் இனத்தைச் சேர்ந்த ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதியில் அன்று இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அவரால் பலனே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சம்பளக் கணக்குக்கு ஒரு கிளவுட் மென்பொருள் வைத்திருந்தோம். அந்தக் கம்பெனியை வேறொருவர் வாங்கினார். வாங்கினவர், பழைய ஆறு வருஷ டேட்டாவைத் திருப்பித் தரத் தனிக் கட்டணம் என்று ஒரு கொட்டேஷன் அனுப்பினார். இவர் அக்ரிமென்ட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். உரிமையாளர் மாறினாலும், 90 நாளுக்குள், எக்செலில் திறக்கக்கூடிய வடிவத்தில், கட்டணமின்றி. கொட்டேஷன் அன்று மாலையே வாபஸ். அந்த ஷரத்துக்காக அப்போது நானே அவரை எத்தனை பேரிடம் திட்டியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை.

இன்னொன்றும் அழகு. பெரிய கிளவுட் கம்பெனிகளின் ஒப்பந்தம் ஒரு தாளாகவே இருக்காது. பொது விதி ஒரு லிங்க், சேவை விதி ஒரு லிங்க், தரவுப் பாதுகாப்பு ஒரு லிங்க், எஸ்.எல்.ஏ. ஒரு லிங்க். லிங்கின் பின்னால் இருப்பதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதும் ஒரு லிங்கில் இருக்கும். இவர் கையெழுத்தாகிற அன்று அத்தனை பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, ‘இன்றைய தேதியில் இணையத்தில் கண்டபடி’ என்று ஒவ்வொன்றிலும் எழுதி, இனிஷியல் போட்டு, சணல் கயிற்றால் கட்டி பீரோவில் வைத்துவிடுகிறார். பூமிக்கு மேலே மிதப்பதாகச் சொல்லப்படுகிற கிளவுட், எங்கள் ஆபீஸில் மூன்றாவது தட்டில் அந்துருண்டை வாசத்தோடு இருக்கிறது.

இவ்வளவும் இருந்தால் பாராட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே, எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அமெரிக்கக் கம்பெனியின் கிளவுட் அக்ரிமென்ட்டில் இவர் போட்ட சிவப்பு எல்லாம் என்னவாயிற்று தெரியுமா? அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தார், சிரித்தார், “இவை எங்கள் பொது விதிகள், எல்லா வாடிக்கையாளருக்கும் இவைதான்” என்றார். எங்கள் பில்லின் அளவு அவருக்குத் தெரியும். அந்த அளவுக்கு என்ன மரியாதை உண்டோ அதைக் கொடுத்தார். இவர் மார்ச் 31 கேட்டார். தீ கேட்டார். 12 மாதத் தொகை என்ற வரம்பை 24 ஆக்கக் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்கள் எம்.டி. லேப்டாப்பை இழுத்து ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தினார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. பிரிண்ட் எடுக்கப் போய்விட்டார்.

அங்கே விழுந்த அடியையெல்லாம் சேர்த்துவைத்து இவர் இறக்கிய இடம், பாட் செய்துகொடுக்க வந்த கோயம்புத்தூர் பீளமேட்டுக் கம்பெனி. மொத்தம் நாலு பேர். காலேஜ் முடித்துச் சில வருஷம் ஆன பெண் ஒருத்திதான் முதலாளி. வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் வேலை. அவர்கள் அனுப்பிய அக்ரிமென்ட் நாலு பக்கம். நாங்கள் திருப்பி அனுப்பியது நாற்பதைத் தாண்டியது.

2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நாம் வேலைக்கு வைத்த வெண்டர் தவறு செய்தாலும் பொறுப்பு நம்முடையதே. சரி, பயப்படவேண்டிய விஷயம்தான். அதற்காக அந்த 250 கோடியை அப்படியே தூக்கி நாலு பேர் தலையில் வைப்பதா? வைத்தார். அமெரிக்கக்காரனிடம் 12 மாதத் தொகைக்குத் தலையாட்டிய அதே கம்பெனி, பீளமேட்டிடம் வரம்பே இல்லாத பொறுப்பு கேட்டது. சைபர் சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. இவர் வெண்டருக்குக் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம், ராத்திரி பகல் பாராமல். அந்த மாடலையே அவர்கள் அமெரிக்கக் கம்பெனியிடமிருந்துதான் வாடகைக்கு எடுக்கிறார்கள். அது உளறினால் அவர்களுக்கு மேலிருந்து ஒரு பைசா வராது, கீழே எங்களுக்கு மட்டும் அவர்கள் கொடுக்கவேண்டும். இத்தனைக்கும் பணம் 90 நாள் கழித்து. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பிணம் எழுந்தால் என்ன செய்வது என்பதுவரை படித்தவர் கண்ணில் அது மட்டும் படவில்லை. எடுத்துக் காட்டினேன். “கேட்டா மாத்திக்கலாம் சார். அவங்க கேக்கலையே” என்றார்.

இது எனக்குச் சிரிப்பாக இல்லை. பயந்தவனுக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு என்றால், எல்லோரிடமும் ஒரே அளவாகப் பயப்படவேண்டும். சிரித்த பெண்ணிடம் எழாத ‘வச்சுக்குங்க’ இந்தச் சின்னப் பெண்ணிடம் எழுந்து நின்று ஆடியது. மூன்று மாதம் இழுத்தது. இடையில் கோடை வந்து, மோட்டார் சீசனும் போயிற்று.

கடைசி காலில் அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். இவர் கச்சிதமாக முடித்தார்: “ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்கம்மா, நாளைக்கே 250 கோடி ஃபைன் போடறாங்க. யார் கட்டறது?”

“சார், எங்க கம்பெனிய சேர், டேபிளோட வித்தாலும் ரெண்டு கோடி தேறாதுங்க. பேசாம கம்பெனியவே நீங்க எடுத்துக்குங்க” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

இவர் மட்டும் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அதை மெயில்ல போடச் சொல்லுங்க சார்.”